ஞாயிற்றின் சீற்றம்

கொள்ளுப்பிட்டியில் ஒரு நண்பகல் வேளை, தொலைநாட்டுச் சிற்றலை நிலையமொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென ஒலி மங்கி மறைகின்றது. வானொலிப் பெட்டியிற் பழுதில்லை. காரணம் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஞாயிறாக இருக்கலாம்.

ஞாயிற்றின் கரும்புள்ளிகளருகே எழும் வெடிப்பின் எக்ஸ்கதிர்கள் 8 நிமிடத்தில் புவியை எட்டுகின்றன. அவை அயனமண்டலத்தின் கீழ்ப்படையை அடர்த்தியாக்க, மேலே தெறித்துத் திரும்பவேண்டிய சிற்றலைகளை அப்படை விழுங்கிவிடுகின்றது. ஒளியின் வேகத்தில் வருவதால் இதற்கு முன்னறிவிப்பில்லை.

வெடிப்போடு சிலவேளை மின்துகட் கூட்டமும் புறப்படும். அது வந்துசேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் செல்லும். 1989 மார்ச் 13இல் அத்தகைய புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தை 9 மணிநேரம் இருளில் ஆழ்த்தியது.

கோடைக்கானல் ஆய்வுக்கூடம் 1901 முதல் ஞாயிற்றை நோக்கிவருகின்றது. 2023இல் இந்தியா ஏவிய ஆதித்யா எல்1 கலம் 15 இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்று அதனைக் கண்காணிக்கின்றது. புயலை முன்னரே அறிந்தால் மின்சுமையைக் குறைத்து மின்மாற்றிகளைக் காக்கலாம். ஞாயிற்றை அடக்க நம்மால் இயலாது. அது தரும் அவகாசத்தைப் பயன்படுத்த இயலும்.