நீர் பாலே ஆடும் பையன்

முன்பெல்லாம் சினிமாக் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன் நியூஸ் ரீல் ஓடும். கனத்த குரல் ஒன்று அணைக்கட்டைப் பற்றியும் வெள்ள நிவாரணத்தைப் பற்றியும் விவரித்துக்கொண்டே போகும். முறுக்கு வாங்க அதுவே நல்ல நேரம். ஆவணப்படம் என்றால் பலருக்கு இன்னும் அந்தக் குரல்தான். சிறுவர்களுக்கென்றே ஆவணப்படம் எடுப்பதில் பெயர்பெற்ற நெதர்லாந்துக்காரர்கள் முதலில் ஒதுக்கியது அதைத்தான்.

ஆஸ்ட்ரிட் புஸ்ஸிங்க் 2014இல் இயக்கிய ‘ஜொவான்னியும் நீர் பாலேயும்’ 17 நிமிடம்தான் ஓடும். பத்து வயதுப் பையன். இசைக்கேற்பத் தண்ணீரில் ஆடும் ஒத்திசைவு நீச்சலில், தேசியப் போட்டியில் இறங்க வேண்டும் என்பது அவன் கனவு. அதுவரை அதில் பையன்கள் யாரும் இறங்கியதில்லை. அவனுக்குப் பக்கபலம் அவனுடைய கேர்ள் ஃப்ரெண்ட். பத்து வயதில் காதலா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். கேமரா சிரிப்பதில்லை, அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறது. ஆண், பெண் சமம் என்று பாடம் நடத்தாமலே விஷயம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்தப் படங்களின் இலக்கணம் எளிது. ஒரு பிள்ளை, அதற்கு ஓர் ஆசை அல்லது ஒரு சிக்கல், பெரியவர்கள் ஓரமாக. பெரும்பாலும் கால் மணி நேரம். வகுப்பில் போட்டுக் காட்டினாலும் பேசுவதற்குப் பாதிப் பீரியடுக்கு மேல் மிச்சமிருக்கும். ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவும் சினிகிட் சிறுவர் விழாவும் சேர்ந்து இயக்குநர்களுக்கு இதற்கெனப் பயிலரங்கே நடத்தி வந்திருக்கின்றன.

சங்கடம் ஒன்று உண்டு. பிள்ளை வளர்ந்துவிடும், படம் அப்படியே இருக்கும். பத்து வயதில் ஆசையாகத் தலையாட்டியவர் இருபதில் கூசலாம். பெற்றோர் கையெழுத்து மட்டும் இதற்குப் போதாது என்பேன். புஸ்ஸிங்க்கின் அடுத்த படங்களில் ஒன்றான ‘கேள்’ (2017), குழந்தைகள் உதவி எண்ணுக்கு வரும் தொலைபேசிப் பேச்சுகளை எடுத்துக்கொண்டது. அங்கே அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

நீர் பாலேவுக்கு வருவோம். படம் வந்த மறு ஆண்டே, 2015 கசான் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் பிரிவு வந்தது. ஒலிம்பிக்கில் ஆண்களுக்குக் கதவு திறந்தது 2024 பாரிஸில்தான்; அணிக்கு இருவர் வரை சேரலாம் என்றார்கள். எந்த நாட்டு அணியிலும் ஓர் ஆண்கூட இடம்பெறவில்லை.