நிழல் தோட்டத்தில் பங்குனிப் பூ

தில்லியில் தரைத்தளக் குடியிருப்பு கிடைத்த நம்மவர் பலரிடம் ஒரே குறையைக் கேட்கலாம்: "மண் இருக்கிறது, ஆனால் வேப்பமர நிழல். மல்லிகை சரியாகப் பூப்பதில்லை." இன்னொரு தயக்கமும் உண்டு. மூன்று ஆண்டில் மாற்றல் வந்துவிடும். பல்லாண்டுச் செடி வைத்து யாருக்கு லாபம்?

இரண்டுக்கும் ஏற்றது அமரில்லிஸ் லில்லி. தாவரவியலார் இதை ஹிப்பியாஸ்ட்ரம் என்பர். தாயகம் தென் அமெரிக்கா. வெங்காயம் போன்ற கிழங்கில் உணவைச் சேமித்து வைத்து, மார்ச், ஏப்ரலில் பெரிய சிவப்புப் பூக்களைத் தரும். இரண்டு மூன்று மணி நேரக் காலை வெயில் பட்டாலே போதும். நண்பகல் வெயிலிலிருந்து மரநிழல் காப்பது இதற்கு நல்லதே.

குளிர்காலத்தில் கிழங்கு வாங்கி, கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். எட்டு அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஒரு கிழங்கு போதும். தோட்டமண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். துளிர் தெரியும் வரை தண்ணீர் அளவோடுதான். மழைக்காலத்தில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

பூ வாடியதும் பலர் செடியையே மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அடுத்த ஆண்டுப் பூவுக்கான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள், இலையைத் தொடாதீர்கள். அந்த இலைகள் செப்டம்பர் வரை தயாரிக்கும் உணவே கிழங்கைப் பருக்க வைக்கும். மாதம் ஒரு பிடி எரு இடுங்கள். டிசம்பர், ஜனவரியில் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுங்கள்.

கிழங்கு நச்சுத்தன்மை உடையது. வெங்காயம் என்று எண்ணிக் குழந்தைகளோ, வீட்டு நாயோ கடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

சிம்லா, நைனிடால் பக்கம் இருப்பவர்களுக்கு இமயமலைச் செடியான பாஷாணபேதம் உண்டு. பாறை இடுக்கிலும் ஈர நிழலிலும் வளர்ந்து, வசந்தத் தொடக்கத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். வேர்த்தண்டின் ஒரு துண்டை நட்டாலே பிடித்துக்கொள்ளும். தில்லிக் கோடையை இது தாங்காது.

மாற்றல் உத்தரவு வந்தால் கவலை வேண்டாம். தொட்டியோடு கொண்டுபோக இடமில்லையேல், வேர் அறாமல் அமரில்லிஸ் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். சில நாள் தண்ணீரின்றித் தாங்கும். தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிகள் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தோட்டத்திலேயே விட்டுச் செல்லுங்கள். இரண்டு மூன்று ஆண்டில் அது அடுத்துக் குடிவருபவருக்குப் பூக்கும்.