ஆறு பேரா, நூறு பேரா?

பழைய வால்வு டிரான்ஸ்மிட்டருக்குத் தெளிந்த குரல் வருவது எப்படி?

கடல் பொங்கிய நாளைப் பட்டினப்பாக்கம் மறக்காது. அது 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுனாமி அலை கரை ஏறியது. சீனிவாசபுரம் மீனவர் வீடுகளுக்குள் கடல் நீர் புகுந்தது.

அதே காலையில், வங்கக் கடலின் மறுபக்கத்தில் அந்தமான் தீவுகளும் அழிவுக்கு ஆளாயின. அங்கே டெலிபோன்கள் ஊமையாகிவிட்டன. "நம்மவர்கள் உயிரோடு இருக்கிறார்களா?" என்று உறவினர்கள் துடித்தார்கள்.

அப்போது போர்ட் பிளேரில் இருந்து ஒரு பெண்ணின் குரல் வானலையில் வந்தது. அவர் பெயர் பாரதி பிரசாத். அரசின் அனுமதி பெற்று, சக அமெச்சூர் வானொலிக்காரர்களுடன் அந்த மாதம் அங்கே போயிருந்தார். பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவி, ஆபத்து வேளையில் தபால்காரன் ஆனது. தீவில் இருந்தவர்களின் செய்தி அதன் வழியே வெளியுலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஹாம்" என்றால் யார்?

சொந்தமாக வானொலிக் கருவி வைத்து, தூரத்தில் உள்ளவர்களுடன் பேசுகிறவர்களுக்கு "ஹாம்" என்று பெயர். இதில் அவர்களுக்குக் காசு வரும்படி கிடையாது. பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்!

சென்னைக்கு இது புதிதல்ல. 1924-ம் ஆண்டிலேயே இங்கு சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. அதை முன்னின்று நடத்தியவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. அந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 40 வாட்! வீட்டில் எரியும் ஒரு சிறிய பல்பின் அளவு. பிறகு அது 200 வாட் ஆனது.

பணமுடையால் 1927-ல் கிளப்பின் ஒலிபரப்பு நின்றது. 1930-ல் சென்னை மாநகராட்சி அதைத் தொடர்ந்து நடத்தியது. 1938-ல் அகில இந்திய வானொலி வந்தது. அதன் சென்னை நிலையம், பட்டினப்பாக்கத்துக்குச் சற்று வடக்கே, கடற்கரைச் சாலையில் இருக்கிறது.

அந்தக் காலக் கருவிகளில் கண்ணாடி வால்வுகள் எரியும். இப்போதைய கருவிகளில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. ஆனாலும் வால்வு டிரான்ஸ்மிட்டர்களைச் சீர்செய்து பேசுகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. அவர்களுக்குப் பெரிய தலைவலி, குரல்!

சத்தம் வேறு, தெளிவு வேறு

"ஆறு பேர் தவிக்கிறார்கள்" என்று இங்கே ஒருவர் சொல்கிறார். அங்கே கேட்பவருக்கு "நூறு பேர்" என்று காதில் விழுந்தால் என்ன ஆகும்? ஆறு பேருக்கு ஒரு படகு போதும். நூறு பேருக்கு?

நம் பேச்சில் "ஆ", "ஊ" போன்ற ஒலிகளுக்கு வலு அதிகம். "ச", "த", "ப" போன்றவை மெலிந்தவை. ஆனால் சொல்லுக்குச் சொல் வேற்றுமை காட்டுவதில் இந்த மெலிந்த ஒலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கருவி அவற்றை விழுங்கிவிட்டால், சத்தம் கேட்கும், பேச்சு புரியாது.

முதல் எதிரி மைக்

பழைய கருவிகள் பலவற்றில் கிரிஸ்டல் மைக் இருக்கும். அதன் உள்ளே ராஷெல் உப்பு என்னும் பளிங்குத் துண்டு உண்டு. ஈரமும் வெயிலும் அதற்கு ஆகாது. பட்டினப்பாக்கம் போன்ற கடலோரத்தில் அது சீக்கிரம் கெட்டுவிடும், குரல் ஈனமாகும். அதற்குப் பதில் டைனமிக் மைக் வைக்கலாம். ஆனால் அது தரும் மின்சாரம் குறைவு. ஆகவே மைக்குக்கு அடுத்து ஒரு சிறிய டிரான்ஸ்பார்மரோ, இன்னொரு சிறிய வால்வோ தேவைப்படும்.

உள்ளே இருக்கும் குறைகள்

அடுத்தது கண்டென்சர். காகிதத்தால் செய்த பழைய கண்டென்சர்கள் நாளடைவில் மின்சாரத்தைக் கசிய விடும். வால்வு தடுமாறும்; குரல் கரகரக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் ஏடு வைத்த புதிய கண்டென்சர்களைப் போட வேண்டும்.

பேச்சின் பின்னால் "உம்" என்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்கிறதா? மின்சாரத்தை நேராக்கும் பகுதியில் பெரிய கண்டென்சர்கள் காய்ந்திருக்கலாம். அவற்றையும் மாற்ற வேண்டும்.

பேச்சு புரிவதற்கு, நொடிக்கு 300 முதல் 3,000 அதிர்வு வரை போதும். அதற்குக் கீழே உள்ள கனத்த ஒலி, சக்தியைத் தின்னும், தெளிவு தராது. வால்வுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள கண்டென்சரைச் சிறியதாக்கினால் கனம் குறையும். மீட்டுதலுக்குப் பெரிய தவில் கூடாது. ஜாலராவும் காதில் விழ வேண்டும்!

4 மடங்கு லாபம்

வானலை ஒரு வண்டி. குரல் அதன் சுமை. பாதிச் சுமை ஏற்றிய வண்டியில் முழுச் சுமை ஏற்றினால், அதாவது குரலின் அளவை 50 சதவீதத்தில் இருந்து 100 சதவீதமாக உயர்த்தினால், குரலைச் சுமக்கும் சக்தி 4 மடங்கு ஆகும். வண்டி மாற வேண்டியதில்லை!

இதற்குக் குரல் பகுதி வலுவாக இருக்க வேண்டும். கடைசி வால்வு 100 வாட் மின்சாரம் எடுத்தால், குரல் பகுதி 50 வாட் தர வேண்டும். அதே நேரத்தில், 100 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் வானலை துண்டு துண்டாகும். பக்கத்தில் பேசுகிறவர்களுக்கும் இடைஞ்சல். ஆகவே "ஆசிலாஸ்கோப்" என்னும் கருவியில் அலையின் உருவத்தைப் பார்த்து அளவு வைப்பார்கள்.

உயிர் முக்கியம்!

வால்வு டிரான்ஸ்மிட்டர் விளையாட்டுப் பொருள் அல்ல. உள்ளே ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கி நிற்கும். தொட்டால் ஆளையே கொல்லும். அதை முதலில் முறைப்படி வடியச் செய்ய வேண்டும். தெரிந்தவர் துணையின்றித் திறக்கவே கூடாது.

நினைத்தவர் நினைத்தபடி பேசவும் முடியாது. மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் வாங்க வேண்டும். 12 வயது நிறைந்த பிள்ளைகளும் எழுதலாம்.

தேறியவருக்கு ஓர் அழைப்புப் பெயர் கிடைக்கும். நம் நாட்டு ஹாம்களின் பெயர் "வி.யு." என்று தொடங்கும். அந்தப் பெயரை, கடல் பொங்கிய நாளிலும் ஒருவர் எழுத்துப் பிசகாமல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கருவியைச் சீர் செய்வதன் பயன் அதுதான்.