தில்லியிலிருந்து நெல்லைக்கு ஒரு டைம்டேபிள்

தில்லித் தமிழர்களுக்கு ஊருக்குப் போவது என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரயில்தான். ஜி.டி., தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், திருக்குறள் எல்லாம் நம் வீட்டு மனிதர்கள் மாதிரி. 38 வருடம் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன், சாலை வழியாக ஊருக்குப் போகும் திட்டத்தைப் பற்றி எழுதினால் பழைய சகாக்கள் கட்சி மாறிவிட்டான் என்பார்கள். சொல்லட்டும்.

விஷயம் இதுதான். மயூர் விஹாரில் இருக்கும் என் நண்பர் தில்லி வாழ்க்கையை முடித்துக்கொண்டு பாளையங்கோட்டையில் உள்ள பூர்விக வீட்டுக்குப் போகிறார். 1980இல் மத்திய அரசு வேலைக்கு வந்தவர். வயது 69. எனக்கு மூன்று வயது மூத்தவர், நெல்லைக்காரர், ஆகவே எனக்கு அண்ணாச்சி. வீட்டுச் சாமான்கள் லாரியில் போகின்றன. காரையும் லாரியில் ஏற்றிவிட்டு அவர் விமானத்தில் போகலாம். யாரும் அதைத்தான் செய்வார்கள்.

அவர் சொன்னார்: "காரை நான்தான் ஓட்டிக்கிட்டுப் போவேன். நீரு வாரீரா?"

மறுநாளே பெங்களூரிலிருந்து அவர் மகள் பேசினாள். "சித்தப்பா, அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடறாங்க. போன வருஷம்தான் கண் புரை ஆபரேஷன். நீங்க வரலேன்னு சொல்லிட்டா அப்பாவும் விட்டுடுவாங்க" என்றாள்.

ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் வேண்டியவனாக இருந்தால் இதுதான் தொல்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன், ஏன் இந்தப் பிடிவாதம் என்று. 55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய உரிமம் வரும் ஆகஸ்டில் முடிகிறது. "இனிமே புதுப்பிக்கப் போறதில்லே தம்பி. இதுதான் கடைசி ஓட்டம். 45 வருஷமா இந்த நாட்டை ரயில் ஜன்னல்லதான் பார்த்திருக்கேன், அதுலயும் பாதி ராத்திரி" என்றார். அதற்கு மேல் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் டைம்டேபிள் நான் போடுவேன், அதன்படிதான் வண்டி ஓடும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. தில்லியிலிருந்து திருநெல்வேலி சுமார் 2,700 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 700 வீதம் நான்கே நாளில் வீடு! கைபேசி வரைபடமும் அவர் கட்சி. அது காட்டும் மணிக்கணக்கில் மனிதன் தேநீர் குடிப்பதில்லை, சிறுநீர் கழிப்பதில்லை, வழியில் மாடு குறுக்கே வருவதில்லை.

ரயில் கால அட்டவணை எப்படிப் போடப்படுகிறது என்று பலருக்குத் தெரியாது. இரண்டு நிலையங்களுக்கு இடையே வண்டி ஓடத் தேவையான நேரத்தை மட்டும் கணக்கிட்டு நிறுத்துவதில்லை. தண்டவாள வேலை நடக்கும் இடங்களில் வேகம் குறைக்க வேண்டுமே, அதற்காகத் தனியாகச் சில நிமிடங்கள் சேர்ப்பார்கள். வழியில் இழந்த நேரத்தை ஈடுகட்டவும் சில நிமிடங்கள் உண்டு. கடைசிக்கு முந்தைய நிலையத்தில் அரை மணி தாமதம் என்ற வண்டி, சென்ட்ரலுக்குச் சரியான நேரத்தில் வந்து நிற்கும் அதிசயத்தின் ரகசியம் இதுதான். சாலைப் பயணத்துக்கும் இந்த உபரி நேரம் வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, ஓட்டுபவரின் நேரம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் லாரி, பஸ் ஓட்டுநருக்கே நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்கிறது. தொழிலாக ஓட்டுகிற இளைஞனுக்கு எட்டு என்றால், நம் இருவருக்கும் சேர்த்து ஆறு, மிஞ்சினால் ஏழு. ஆகவே முதலில் நேரத்தை நிர்ணயித்தேன், கிலோமீட்டர் தானாக வந்தது. காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. பிற்பகல் இரண்டு, மூன்றுக்குள் அறைக்குள் இருக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு சாவி தொடக்கூடாது. கண் புரை ஆபரேஷன் ஆனவர்கள் பலருக்கு எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் சிதறித் தெரியும். அண்ணாச்சி இதை ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை.

அடுத்தது தேதி. பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் தில்லிக்கும் குவாலியருக்கும் இடையே விழும் மூடுபனி எப்படிப்பட்டது என்பதை ஜான்சி கோட்டத்தில் இருந்தவனிடம் கேளுங்கள். சிக்னல் வருகிறது என்று ஓட்டுநருக்குத் தெரிவிக்கத் தண்டவாளத்தின் மேல் வெடி கட்டி வைத்த காலம் அது. சக்கரம் ஏறியதும் டமார் என்று சத்தம் கேட்கும். இப்போது அதற்கு ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. சாலையில் வெடி வைத்து எச்சரிக்க ஆள் கிடையாது, முன்னால் ஒரு டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். பொங்கல் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பங்குனி உத்திரம்" என்றார். நெல்லைச் சீமைக்காரர்களுக்கு அன்று குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும். அது ஏற்கத்தக்கது. நாக்பூர், அடிலாபாத் பக்கம் வெயில் கொளுத்தும்தான், ஆனால் காலை ஓட்டத்துக்கு அது தடையில்லை.

வழி என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே சாலைதான், தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போவது. 2010இல் எண்கள் மாற்றப்பட்டபோது பல பழைய சாலைகளை ஒன்றாக்கி இந்த எண்ணைக் கொடுத்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் லக்னாதோனுக்குத் தெற்கே வருவது, காசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்த அந்தக் கால 7ஆம் எண் சாலை. நம்மூர்க்காரர்கள் பலருக்கு இன்றும் அது 'என்.எச். செவன்' தான்.

இதில் எனக்குச் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, லலித்பூர் வரை சாலையும் நம் ஜி.டி. பாதையும் அண்ணன் தம்பி மாதிரி கூடவே போகின்றன. லலித்பூருக்கு அப்பால் ரயில் பினா, போபால், இடார்சி என்று மேற்கே ஒதுங்கிவிட, சாலை சாகர், நரசிங்பூர், சிவனி என்று தனி வழி பிடிக்கிறது. நாக்பூரில் இரண்டும் மறுபடி சந்தித்து, அங்கிருந்து ரயில் விஜயவாடாவுக்கும் சாலை ஹைதராபாத்துக்கும் பிரிந்து போகின்றன. அதனால் 45 வருடம் ரயிலில் போய் வந்த அண்ணாச்சி பார்க்காத நாடுதான் இந்தப் பாதையில் அதிகம். ரயிலில் ஹோஷங்காபாத் பக்கம் கடந்த நர்மதையை இந்த முறை பர்மான் படித்துறை அருகே கடப்போம்.

நதிகளை எண்ணிப் பார்த்தேன். தோல்பூர் தாண்டியதும் சம்பல், இருபுறமும் மண் அரித்த பள்ளத்தாக்குகள். பிறகு நர்மதை. மகாராஷ்டிர எல்லையில் பென்கங்கா. நிர்மலுக்குத் தெற்கே கோதாவரி, பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, கர்நூலில் துங்கபத்ரா, கிருஷ்ணகிரி பக்கம் தென்பெண்ணை, பரமத்திவேலூர் தாண்டிக் காவிரி, மதுரையில் வைகை, முடிவில் தாமிரபரணி. பங்குனியில் பாதி நதிகளில் மணல்தான் இருக்கும், பாலங்களையாவது பார்க்கலாம்! சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவே பெஞ்ச் புலிக் காட்டை அறுத்துக்கொண்டு சாலை போகிறது. மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் அடியில் கடந்து போகச் சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மிக நீளமானது 750 மீட்டர். கேமரா வைத்துப் பார்த்ததில் புலிகளும் அதன் அடியில் நடமாடுவது பதிவாகியிருக்கிறது. பாலம் கட்டுகிறவனுக்கு இதைவிட வேறு நற்சான்று வேண்டுமா?

அட்டவணை இப்படி அமைந்தது. முதல் நாள் குவாலியர், சுமார் 350 கிலோமீட்டர். இரண்டாம் நாள் சாகர், மூன்றாம் நாள் நாக்பூர். நான்காம் நாள் முழு ஓய்வு, வண்டிக்கும் எங்களுக்கும். பிறகு நிர்மல், அங்கிருந்து ஹைதராபாத் ஊருக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றிக்கொண்டு கர்நூல், அடுத்து பெங்களூர். மகள் வீட்டில் ஒரு நாள் தங்கல். பெங்களூரிலிருந்து மதுரை 435 கிலோமீட்டர். கடைசி நாள் திருநெல்வேலி 160. நான்கு நாள் திட்டம் பத்து நாளாயிற்று. "பாதயாத்திரையே போயிடலாம் போலிருக்கே" என்றார் அண்ணாச்சி.

வண்டி விஷயத்தில் ஊர் திரும்ப எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியது, தடையின்மைச் சான்று. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் படிவம் 28இல் இங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரு கையெழுத்துக்காகத் தில்லிக்கு மறுபடி ரயில் ஏற நேரும். அண்ணாச்சியை இப்போதே விண்ணப்பிக்க வைத்துவிட்டேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். அவர் வண்டியில் இரண்டு டயர்கள் அந்த வயதுதான். பார்வைக்குப் புதிதாக இருந்தன, அதிகம் ஓடாத வண்டி. ஆனால் ரப்பருக்கு வயது நின்றாலும் ஏறும், ஓடினாலும் ஏறும். யமுனா விரைவுச்சாலையின் கான்கிரீட்டில் வெயில் நேரத்தில் 100இல் போகும்போது பழைய டயரை நம்ப முடியாது. மாற்றியாயிற்று. சுங்கத்துக்கு 2025 ஆகஸ்டில் வந்த ஆண்டுப் பாஸ் வாங்கச் சொன்னேன். அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 சுங்கச்சாவடிக் கடப்பு அல்லது ஓர் ஆண்டு. இவ்வளவு தூரத்துக்கு லாபம்தான். யமுனா விரைவுச்சாலையில் மட்டும் செல்லாது, அது மாநிலத்தின் சாலை. வழியில் வண்டி நின்றால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

இன்சுலின் பற்றி அவருடைய டாக்டரிடம் நாங்கள் இருவருமே போனோம். நிறுத்திய காரில் வெயிலில் வைத்தால் மருந்து கெட்டுவிடும், ஐஸின் மேல் நேராக வைத்தாலும் கெடும். வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று அதற்கென்றே வாங்கியாயிற்று. ஸ்டியரிங்கில் உட்காரும் முன் ஒவ்வொரு முறையும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் பிஸ்கட் அவருக்கு, சாவி எனக்கு. இந்த நிபந்தனைக்கு அண்ணாச்சி எதிர்ப்பே சொல்லாதது எனக்குக் கொஞ்சம் வியப்பு.

பனி விலகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தோம், மதுராவுக்குப் போய்த் திரும்பினோம். புதிய பாதையைத் திறக்கும் முன் ஆய்வு வண்டி விடுவது மாதிரி நான் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். நேர்மையாகச் சொன்னால் அவர் என்னைவிட நன்றாக ஓட்டுகிறார். கண்ணாடி பார்க்காமல் தடம் மாறுவதில்லை. ஆனால் 1 மணி 50 நிமிடம் ஆனதும் வண்டி மெல்ல இடது கோட்டைத் தொடுவதை இரண்டு முறை குறித்தேன். பேச்சும் குறைந்தது. தேநீர்க் கடையில் நோட்டைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி, ஒண்ணரை மணிக்கு ஒரு தடவை மாத்திக்கிடுவோம்" என்றார். அவர் வாயிலிருந்தே வந்தது. அட்டவணையில் அந்த இடைவெளிகளில் எல்லாம் ஊர்ப் பெயர் எழுதிவிட்டேன்.

மகளிடம் எதையும் மறைக்கவில்லை. நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு பேசினாள். "பெங்களூர்ல நான் அப்பாவைப் பார்ப்பேன். போதும்னு தோணிச்சுன்னா அங்கேயே நிறுத்திடுவேன் சித்தப்பா. அப்ப நீங்க அவங்க பக்கம் பேசக்கூடாது." ஒப்புக்கொண்டேன். இப்போதெல்லாம் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த அன்றே பெங்களூரிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்கு அண்ணாச்சி பெயரில் ஒரு கீழ்ப் படுக்கை போட்டு வைத்தேன். அவள் நிறுத்தினால் அவர் ரயிலில், நான் காரில். அவரிடமும் டிக்கெட்டைக் காட்டினேன். முகம் சுருங்கியது. "கேன்சல் பண்ணினா எவ்வளவு பிடிப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

என் வீட்டு அம்மாள் இதில் எதிர்க்கட்சியும் இல்லை, ஆளுங்கட்சியும் இல்லை. முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரையும் தோசை மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அவள் பொறுப்பு. டிக்கியில் கிரைண்டரை ஏற்ற வேண்டும் என்று அண்ணாச்சி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். லாரியில் போட்டால் கல் உடைந்துவிடுமாம். 40 கிலோவுக்கு மேல் சாமான் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது ஒரே தகராறு. மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை 160 கிலோமீட்டர் முழுவதும் தான் மட்டுமே ஓட்ட வேண்டும் என்கிறார். இடையில் என்னிடம் ஸ்டியரிங்கைத் தர மாட்டாராம். எப்படியும் இரண்டரை மணி ஆகும், நோட்டில் உள்ள கணக்குக்கு மேலே போகிறது. போன ஞாயிறு மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். கடைசியில் கோவில்பட்டியில் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து, விரலில் குத்திப் பார்த்து, கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு (எனக்குத்தான், அவருக்கு அல்ல) மறுபடி அவரே ஏறுவது என்று ஏற்பாடு. அட்டவணையில் எழுதியாயிற்று: கோவில்பட்டி, 40 நிமிடம்.