புகைக்குப் பிளாஸ்டிக் குழாய்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் ஜனவரி மாதக் காலையில் நடந்து போனால், சில வீடுகளின் பக்கச் சுவரிலிருந்து வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டு ஆவி விடுவதைப் பார்க்கலாம். பேஸ்மென்டில் ஓடும் ஃபர்னஸ் அல்லது வாட்டர் ஹீட்டரின் புகை அது. குழாய் பிளாஸ்டிக். எரிகிற கேஸின் புகையைப் பிளாஸ்டிக்குக்குள் விடுகிறார்களா என்று புதிதாக வந்தவர்கள் திகைப்பது நியாயம்தான்.

பழைய வாட்டர் ஹீட்டரில் தண்ணீரைச் சுடவைத்த பிறகும் புகையில் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு மிச்சமிருக்கும். அத்தனையும் கூரை வழியாக வீணாகப் போகும். ‘கண்டென்சிங்’ வகை ஹீட்டர் அந்தச் சூட்டையும் விடுவதில்லை. புகை 55 டிகிரிக்குக் கீழே ஆறும்போது அதிலுள்ள நீராவி தண்ணீராக மாறி, தன்னிடம் ஒளிந்திருந்த வெப்பத்தையும் கொடுத்துவிடுகிறது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிறக்கும் என்பதால் இது சின்ன லாபமல்ல. எரிபொருளின் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீருக்கே போய்ச் சேர்கிறது.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். சூடான புகை தானாக மேலே ஏறும். ஆறிப்போன புகைக்கு அந்தத் தெம்பு கிடையாது, விசிறி வைத்துத் தள்ள வேண்டும். பழைய புகைபோக்கியில் சிறு ஓட்டை இருந்தால், பெரும்பாலும் அறையின் காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். விசிறி தள்ளும் குழாயில் ஓட்டை விழுந்தால் புகை அறைக்குள் வரும். எரிதல் கெட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. போதாததற்கு, குழாயில் ஊறும் தண்ணீர் தக்காளிச் சாறு அளவுக்குப் புளிப்பு. துத்தநாகம் பூசிய தகடு, செங்கல் புகைபோக்கியின் சாந்து இரண்டையும் நாளடைவில் அரித்துவிடும். ஆகவே புது ஹீட்டரைப் பழைய புகைபோக்கியில் அப்படியே செருக முடியாது.

அதற்காக எந்தப் பிளாஸ்டிக்கும் ஆகுமா? அமெரிக்கா இந்தக் கேள்விக்கு விலை கொடுத்தே விடை கண்டது. ஃபர்னஸ், பாய்லர்களுக்குப் பொருத்திய ஒருவகை உயர்வெப்பப் பிளாஸ்டிக் குழாய்கள் வெடிப்பதும் இணைப்பில் கழன்றுபோவதும் தெரியவந்து, 1998-இல் சுமார் 2,50,000 வீடுகளில் அவற்றை இலவசமாக மாற்றித்தரும் திட்டத்தை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. கனடாவில் இன்று ‘எஸ்636’ தரச்சான்று பெற்ற குழாய்தான் போட வேண்டும். அதில் பி.வி.சி. 65 டிகிரி வரை, சி.பி.வி.சி. 90 வரை, பாலிபுரோப்பிலீன் 110 வரை தாங்கும். ஒரு கம்பெனிக் குழாய்க்கு இன்னொரு கம்பெனிப் பசையைப் பூசுவதற்கும் அனுமதியில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாக்கடைக் குழாயும் அதே வெள்ளை நிறந்தான் என்பது வேலை தெரியாதவர்களைச் சறுக்கவைக்கும் இடம். குழாயின் மேல் அச்சிட்ட எழுத்தை வீட்டுக்காரரே படித்துப் பார்க்கலாம்.

குழாய் படுக்கையாகப் போகும் இடங்களில் அடிக்குக் கால் அங்குலம் ஹீட்டரை நோக்கிச் சரிவு வேண்டும். தாங்கும் பட்டைகள் தூரமாக இருந்தால் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும், புகை தடைபடும். ஒவ்வொரு வளைவும் பல அடி நேர்க்குழாய்க்குச் சமம் என்று கணக்கிட்டு, மொத்த நீளம் கையேட்டின் வரம்புக்குள் இருக்க வேண்டும். வடியும் புளிப்புத் தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் நிரப்பிய டப்பா வழியாகச் சாக்கடைக்கு விடுவார்கள். பிரிட்டனில் 2005 முதல் கண்டென்சிங் பாய்லர்கள் பொதுவிதியாகி, வடிகுழாயைப் பலர் வெளிச்சுவரில் விட்டார்கள். 2010 டிசம்பர்க் குளிரில் அவை உறைந்து பாய்லர்கள் கும்பலாக நின்றுபோயின. வெந்நீர்ப் பையைக் குழாயில் வைத்து ஒற்றடம் கொடுத்தவர்கள் ஏராளம்.

உறைந்த குழாயால் குளிர்தான் வாட்டியது. மறைந்த குழாய் உயிரையே எடுத்தது. 2008-இல் லண்டன் அடுக்குமாடி வீடொன்றில் கூரைப் பலகைக்கு மேலிருந்த புகைக்குழாய் விட்டுப்போய் ஓர் இளம்பெண் இறந்தார். அதன் பிறகு, மறைவாகப் போகும் குழாயின் இணைப்புகளுக்கு அருகே திறந்து பார்க்கும் கதவு கட்டாயமானது. அழகுக்காக எல்லாவற்றையும் ஜிப்சம் பலகையால் மூடச்சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

குழாயின் வெளிவாயும் அதேபோலத்தான். 2005 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத் நகரில், பனிக்குவியல் வெப்பமூட்டியின் வெளிவாயை அடைத்து ஏழு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கிய மாநிலச் சட்டத்துக்கு அவள் பெயரைச் சூட்டினார்கள். அங்கே வெளிவாய்க்கு நேர்மேலே, தரையிலிருந்து எட்டடி உயரத்தில், கீழே கேஸ் புகைவழி இருக்கிறது, மறைக்காதீர்கள் என்ற பலகையும் வேண்டும். வாய் பனி தேங்கும் மட்டத்துக்கு ஓரடியாவது மேலே இருப்பது நல்லது. ஜன்னலுக்கும் காற்றை உள்ளிழுக்கும் குழாய்க்கும் ஒட்டினாற்போல் வைத்தால், விட்ட புகையையே வீடு திரும்ப மூச்சிழுக்கும்.

ஃபர்னஸை மட்டும் புதிதாக மாற்றி, பழைய வாட்டர் ஹீட்டரை விட்டுவைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இருவருக்குமாகக் கட்டிய புகைபோக்கி இனி ஒருவருக்கு மிகப் பெரியது. அது சூடேறாமல் புகை பேஸ்மென்டுக்கே திரும்பலாம். உள்ளே சிறிய உலோகக் குழாயை இறக்குவதற்கும் சேர்த்து உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனிடம் விலை கேட்பது நல்லது. ஃபர்னஸ் விற்பவர் தரும் மதிப்பீட்டில் இந்த வரி பலமுறை விடுபட்டுப்போகும்.