யோசினை என்று சொல்லி விட்டுவிடுகிறோம்

எங்கள் வீடுகளில் மனச்சோர்வு என்ற சொல்லை அனேகமாக யாரும் சொல்வதில்லை. "தலையிடிக்குது", "நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைச்சமாதிரிக் கிடக்கு", "ஒரே யோசினை" என்றுதான் சொல்கிறோம். வீடும் உறவும் இழந்து வந்தவருக்கு யோசினை இல்லாமல் இருக்குமா என்று கேட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். வைத்தியரிடமும் தலையிடியை மட்டுமே சொல்வதால், அவர் தலையிடிக்குக் குளிசை எழுதி அனுப்புகிறார்.

கவலையுள்ளவர் ஒரு கலியாண வீட்டிலாவது கொஞ்சம் சிரிப்பார். நோயாளிக்கு அந்த இடைவெளியும் கிடைப்பது அரிது. இரண்டு வாரங்களுக்கு மேலாக, அனேகமாக ஒவ்வொரு நாளும், மனம் இருண்டு கிடக்கிறதா? விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் போய்விட்டதா? விடிய மூன்று மணிக்கே விழித்துப் புரளுவார். உடுப்புத் தொளதொளக்கும். ஊருக்கு ரெலிபோன் எடுப்பது நின்றுபோகும். ஆண்கள் சிலரில் இது கோபமாகவும் குடியாகவும் வெளிப்படும். அதை நாம் அவருடைய குணம் என்று கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மறுபக்கமும் உண்டு. இரண்டு மூன்று மணி நேரமே நித்திரை, ஆனால் களைப்பில்லை. ஓயாத பேச்சு, கடன் வாங்கிப் பெரிய திட்டங்கள். வீட்டார் முதலில் "ஆள் தெளிஞ்சிட்டார்" என்று மகிழ்வார்கள். சோர்வும் இந்த வேகமும் மாறிமாறி வருவது இருமுனை நோய். சோர்வுக்கான மருந்தை மட்டும் கொடுத்தால் சிலருக்கு இந்த வேகம் கிளம்பக்கூடும். ஆகவே இரண்டையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். 1949இல் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் பயனைக் கண்டறிந்த லித்தியம் இன்றும் இந்நோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

விசர் என்று பெயர் வந்தால் பிள்ளையின் கலியாணம் குழம்பும் என்ற பயம் எங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பயத்தில் மாதங்கள் போகின்றன. தைரொயிட் குறைந்தாலும் இதே சோர்வு வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். சோர்வுக்கான குளிசை வேலைசெய்யச் சில வாரங்கள் எடுக்கும். பத்தாம் நாள் "சரிவரேல்லை" என்று நிறுத்துபவர்களே எம்மவரில் அதிகம் என்று நினைக்கிறோம்.

"நான் உங்களுக்குப் பாரம்" என்று ஒருவர் சொன்னால், சாகவேண்டும்போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள்.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். தாய் சாக நினைப்பதைப் பத்து வயது மகள் ஆங்கிலத்தில் சொல்லவேண்டிவரும். அல்லது அவளுக்கு முன்னால் தாய் அதைச் சொல்லவே மாட்டாள். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்கு நாம் பணம் கட்டத் தேவையில்லை. நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஊர்க்காரர் வந்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தால் தொலைபேசி மூலம் ஒழுங்குசெய்யச் சொல்லலாம்.