பழைய சுவருக்குள் கலைப் பாடசாலை

பிள்ளை படம் கீறிக்கொண்டேயிருந்தால் "படிக்கிற வேலையைப் பார்" என்று அதட்டாத தாய்மார் நம்மில் குறைவு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் அரசாங்கப் பாடசாலையொன்று அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில் உண்டு.

1968இல் பெக்கி கூப்பர் என்ற பல்கலைக்கழக மாணவி, நடன அமைப்பாளர் மைக் மலோனுடன் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கோடைகாலக் கலைப் பட்டறையொன்றைத் தொடங்கினார். அதுவே 1974இல் டியூக் எலிங்டன் கலைப் பாடசாலையாயிற்று. அந்நகரில் பிறந்து அவ்வாண்டில் மறைந்த கறுப்பின இசைமேதையின் பெயர் அது. கிடைத்த கட்டடமோ 1898இல் எழுந்த வெஸ்டர்ன் உயர்தரப் பாடசாலை. 1954இல் இன ஒதுக்கல் சட்டப்படி நீங்கும்வரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்த இடம்!

நகரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை; திறமை பார்த்தே சேர்க்கிறார்கள். வழமையான பாடங்களைக் குறைப்பதில்லை. கலைக்காகப் பாடசாலை நேரந்தான் நீளுகிறது. மேடைக்கு ஒளி, ஒலி, காட்சி அமைக்கும் தொழில்நுட்பமும் அங்கு தனித்துறை.

பழைய முகப்பைக் காத்து, உள்ளே புதிதாகக் கட்டி 2017இல் மீண்டும் திறந்தார்கள். சுமார் 7 கோடி டொலர் என்ற மதிப்பீடு 17 கோடியைத் தாண்டிற்று. ஒரே பாடசாலைக்கு இவ்வளவா என்று நகரத்தார் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், கலைக்கு மிச்சம்மீதியைக் கொடுத்தால் போதும் என்ற பழைய வழக்கம் அங்கே எடுபடவில்லை.